ஹோமுக்கு ஒரு ஜோடிச் சொல்

அந்த ஃபோன் வந்தது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. செவ்வாய் என்றுதான் இத்தனை நாளும் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் செவ்வாய் என்றால் நடுவில் ஒரு நாள் மிச்சம் விழுகிறது. புதன் என்றால் ஒரு நாள் போதவில்லை. செவ்வாய் என்றே வைத்துக்கொள்வோம். அன்றைக்கு மழை பெய்தது என்றும் சொல்லத் தோன்றுகிறது. அதை நம்ப வேண்டாம். கோலாலம்பூரில் எந்த நாளை நினைத்தாலும் மழை தானாக வந்து சேர்ந்துகொள்ளும்.

பிரிக்ஃபீல்ட்ஸில், மோனோரயில் தூண்களுக்கு அந்தப் பக்கம், ஒரு பூக்கடையின் மேல்மாடியில் பரமேஸ்வரனின் அச்சகம் இருக்கிறது. கல்யாண அட்டை, கோயில் நோட்டீஸ், பிறந்தநாள் பேனர் எல்லாம் அங்கே செய்வார்கள். ஆனால் கடையை நிற்க வைத்திருப்பது செத்தவர்கள்தான். மரண அறிவிப்பு, பதினாறாம் நாள் அட்டை, பிறகு ஓராண்டு நினைவு விளம்பரம். சாவுக்கு லீவு கிடையாது என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் கடை திறந்திருக்கும்.

ஆங்கிலப் பேப்பரில் நினைவு விளம்பரம் போடுவதற்கு என்று ஒரு முறை உண்டு. மேலே படம், அதன் கீழே தேதி, அதற்கும் கீழே ரைமோடு நாலு வரி ஆங்கிலச் செய்யுள், கடைசியில் பெயர்கள். அந்த நாலு வரியை எழுதுவது முகுந்தனின் வேலை. இருபத்தாறு வருடமாக எழுதுகிறார். எழுதியவற்றில் நல்லதாக அறுபதைப் பொறுக்கி, எண் போட்டு, ஒரு கறுப்பு ஃபைலில் கோத்து வைத்திருந்தார் பரமேஸ்வரன். வருகிறவர்கள் புரட்டிப் பார்த்து எண்ணைச் சொன்னால் போதும். அந்த ஃபைல் எப்படியோ நகல் நகலாகக் காஜாங்குக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டது. இப்போது நாட்டில் பாதித் தமிழர்கள் முகுந்தனின் வரிகளோடுதான் நினைக்கப்படுகிறார்கள். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை. ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அன்றைக்கு அதிகம் பேசிவிட்டதாக நினைக்கிற மனிதர்.

ஃபோனில் பெயர் வரவில்லை. எண் மட்டும் வந்தது. அந்த எண் அவருக்கு மனப்பாடம்.

“தம்பி, ராஜேஸ்வரி பேசுறேன்.”

முகுந்தன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அண்ணன் சபாபதியின் மனைவி. ஆறு வருடமாகக் கேட்காத குரல்.

“சொல்லுங்க அண்ணி.”

“அவருக்கு வருஷம் வருது. இந்த ஞாயித்துக்கிழமை பேப்பர்ல போடணும். இங்க கிள்ளான்ல ஒரு கடையில கேட்டேன். ஃபைலத் தூக்கிப் போட்டு, நம்பர் சொல்லுங்க ஆன்ட்டிங்கறான். பதினேழு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா போன வாரப் பேப்பர எடுத்துப் பாத்தா, ஒரே பக்கத்துல மூணு பேருக்குப் பதினேழு. என்ன லா இது, மூணு பேரும் ஒரே ஆளா?”

பதினேழும் தன்னுடையதுதான் என்று முகுந்தன் சொல்லவில்லை.

“புதுசா எழுதணும் தம்பி. கடைசி வார்த்தை ஹோம்னு முடியணும். பொண்ணு கேக்கறா, ஷாமினி. போர்ட் ஆபீஸ்ல இருந்து கெளம்பறப்ப அவர் எங்க வாட்சப் குரூப்ல போடுவார், கோயிங் ஹோம்னு. பத்து வருஷமா வேற ஒண்ணும் எழுதினதில்ல. போறதுக்கு மொத நாள் சாயங்காலமும் போட்டார். அந்தப் புள்ள அத அழிக்காம வெச்சிருக்கா.”

“சரி அண்ணி.”

“ரைம் கரெக்டா வரணும். இல்லன்னா அவர் ஒத்துக்க மாட்டார்.”

இருக்கிற ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். கீழே பூக்கடையில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தது மாடி வரை கேட்டது.

“பேருங்கள ஷாமினி அனுப்புவா” என்று சொல்லி ராஜேஸ்வரி ஃபோனை வைத்தாள்.

முகுந்தன் அதற்குப் பிறகும் நின்றுகொண்டே இருந்தார். பெயர்கள் என்ற அந்தச் சொல்தான் அவரை உட்கார விடவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. 2017-இல் அம்மா பவுனம்மாள் இறந்தபோது மரண அறிவிப்பைத் தயார் செய்தவர் முகுந்தன்தான். மறுநாள் பேப்பரில் வந்த விளம்பரத்தில் மகன்கள் சபாபதி, முகுந்தன் என்று இருந்தது. மருமகள் என்ற இடத்தில் வாணியின் பெயர் மட்டும் இருந்தது. வாணி முகுந்தனின் மனைவி. பதினொரு வருடம் அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்து, கடைசி மூன்று வருடம் படுக்கையில் வைத்துக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, மலம் அள்ளிய ராஜேஸ்வரியின் பெயர் இல்லை. கிள்ளான் முழுக்க அந்தப் பேப்பரைப் பார்த்தது. பிணம் வீட்டில் இருக்கும்போதே, இது என்ன, ராஜியை மருமகளாகவே சேர்க்கவில்லையா என்று கெனோப்பிப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டார்கள். சபாபதி பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தம்பியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

முகுந்தனும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் அவர் செய்தது இன்னும் மோசம். பதினாறாம் நாள் அட்டையில் ராஜேஸ்வரியின் பெயரைத் தூக்கி, பெற்ற பிள்ளைகளின் பெயருக்கும் மேலே போட்டார். பரிகாரம் என்று நினைத்துச் செய்தார். பார்த்தவர்கள் நையாண்டி என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. பிறகு போன வருடம் சபாபதி போனார். கிள்ளான் கடை ஒன்று செய்த அவருடைய மரண அறிவிப்பில் தம்பி என்ற வரியே இல்லை. முகுந்தன் சாவு வீட்டுக்குப் போனார், கெனோப்பியின் ஓரத்தில் ரோட்டில் நின்றார். யாரும் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ஷாமினிதான் கொள்ளிக்குடம் தூக்கினாள்.

எத்தனையோ வீட்டுப் பெயர்களை வரிசைப்படுத்திய ஆள், தன் அண்ணனின் பெயருக்குக் கீழே தன் பெயர் வருமா என்று காத்திருந்தார். அவர் பார்த்த வரையில் செய்யுளை யாரும் படிப்பதில்லை. எல்லோரும் நேராகப் பெயர்களுக்குத்தான் போவார்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை, யார் யாருக்கு மேலே. பேப்பரில் பெயர் இல்லாதவன் அந்த வீட்டு மனிதன் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அன்று மாலையே வார்த்தை தேட ஆரம்பித்தார்.

ஹோம் பார்ப்பதற்குச் சின்னச் சொல். எல்லோருக்கும் தெரிந்த சொல். அதனாலேயே அதற்கு உறவுகள் நிறைய இருக்கும் என்று தோன்றும். டே என்று எழுதினால் பாதி அகராதி பின்னால் ஓடி வரும். நைட் என்றாலும் அப்படித்தான். ஹோமுக்கு அப்படி யாரும் வருவதில்லை. டோம், ஃபோம், க்ரோம். தலை வாரும் கோம். இத்தாலியில் இருக்கிற ரோம். அதே ஓசையில், அலைந்து திரிவது என்று பொருள்படும் இன்னொரு ரோம். விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இறந்துபோன மனிதருக்குப் பொருந்துவது கடைசி ஒன்றுதான். அதனால்தான் செத்தவர் எல்லோரும் பேப்பரில் அலைகிறார்கள். எங்கெங்கோ அலைந்தாய், இப்போது வீடு சேர்ந்தாய். முகுந்தனே அதை ஆறேழு பேருக்கு எழுதியிருக்கிறார். அதில் ஒருவர் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தவர்.

ஆனால் சபாபதி எங்கே அலைந்தார்? வீட்டிலிருந்து போர்ட் கிள்ளான் கிடங்கு ஆபீஸ், அங்கிருந்து வீடு. இருபத்தேழு வருடம். தைப்பூசத்துக்கு ஊரே பத்துமலைக்குப் போகும்போதுகூட, கூட்டம் என்று வீட்டிலேயே சாமி கும்பிட்டுவிடுவார். அவரைப் போய் அலைந்தார் என்று எழுதினால் பொய். மற்றவர்களுக்கு எழுதிய பொய்யை இவருக்கு எழுத முகுந்தனுக்குக் கை வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. நினைவுப் பக்கத்தை ரைமுக்காகவே படித்த ஒரே வாசகர் சபாபதிதான். தினமும் காலையில் பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு செய்யுளுக்கும் மார்க் போடுவார். பேச்சு இருந்த காலத்தில் காலை எட்டு மணிக்கு ஃபோன் வரும். “டேய், மூணாவது ஆளுக்குப் பத்துக்கு நாலு மார்க்குதான்டா. டைமும் மைண்டும் எந்த ஊர்ல லா ஒண்ணாச்சு? பாவம், அந்த அங்கிள் இதுக்கா செத்தார்?” முகுந்தன் பதில் பேசமாட்டார். ஆனால் அந்த ஃபோனுக்காகவே கொஞ்சம் சீக்கிரம் கடைக்கு வருவார்.

புதன்கிழமை காலை முதல் செய்யுளை வாட்சப்பில் அனுப்பினார். கடவுள் வானத்தின் டோமுக்கு அழைத்தார், நீ உன் ஹோமுக்குப் போனாய் என்ற மாதிரி. பத்து நிமிடத்தில் ராஜேஸ்வரியின் குரல் பதிவு வந்தது.

“தம்பி, டோம்னா என்ன, ஸ்டேடியமா? அப்புறம், கடவுள் கூப்பிட்டாருன்னு போட்டிருக்கீங்க. கடவுள் ஒண்ணும் கூப்பிடல. கேன்டீன்ல மீ கோரெங் சாப்பிட்டுக்கிட்டு இருந்தவர் நெஞ்சப் புடிச்சார். வானத்துலதான் அவருக்கு வீடுன்னா, இங்க நாங்க இருக்கறது என்ன, ஹோட்டலா?”

பரமேஸ்வரன் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “உனக்குச் சரியான கஸ்டமர்டா” என்றார்.

இரண்டாவதில் கடலைக் கொண்டுவந்தார். துறைமுகத்து ஆள் அல்லவா, அலை, நுரை, ஃபோம். இந்த முறை பதில் ஷாமினியிடமிருந்து எழுத்தில் வந்தது. ஃபோம் என்றால் மெத்தை ஞாபகம் வருகிறது சித்தப்பா, சாரி. அவள் பத்து வயதில் கடைசியாக அவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டது. இப்போது பதினாறு. அந்த ஒரு சொல்லை அவர் மூன்று நான்கு முறை படித்தார். பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தார். பெயர்ப் பட்டியல் வரவில்லை.

அன்று முழுக்க அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. படி இறங்கி ரோட்டைக் கடப்பார். கடையில் ஒரு தே தாரிக் டீ சொல்லிவிட்டு, அது வருவதற்குள் எழுந்துவிடுவார். மோனோரயில் தலைக்கு மேல் போகும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வார்த்தை வந்து போன மாதிரி இருக்கும். திரும்ப மேலே வந்து கம்ப்யூட்டரைப் பார்ப்பார். அண்ணனின் படத்துக்குக் கீழே நாலு வரிக்கான வெள்ளை இடம் அப்படியே இருக்கும்.

அவருடைய பெட்டாலிங் ஜெயா ஃபிளாட்டிலும் அதே கதைதான். ஹாலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து ஹால். வாணி கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள்.

“அலோன்னு போடுங்களேன். அலோன், ஹோம். கிட்டத்தட்ட வருதில்ல?”

“அது ன், இது ம்.”

“செத்துப் போனவர் வந்து மார்க் குறைக்கப் போறாரா?”

“குறைப்பார்.”

வாணி கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். “உங்க பிரச்சினை ரைம் இல்ல. பேர் போடுவாங்களா மாட்டாங்களான்னு வீட்ட அளந்துக்கிட்டு இருக்கீங்க. நேரா கேட்டா என்ன?”

முகுந்தன் ஜன்னலுக்குப் போய்க் கீழே கார்களைப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டியல் வந்தது. மனைவி ராஜேஸ்வரி. மகள் ஷாமினி. மைத்துனர் இராமலிங்கம், குடும்பத்தினர். மற்றும் உறவினர்கள், நண்பர்கள்.

உறவினர்கள் என்பதில் தானும் ஒருவன் என்று முகுந்தன் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எழுத்தைக் கோத்தார். எழுத்தளவு, இடைவெளி எல்லாம் சரிபார்த்தார். பிறகு, கை தானாகச் செய்த மாதிரி, மகளின் பெயருக்குக் கீழே ஒரு வரி அடித்தார். தம்பி முகுந்தன், வாணி. இரண்டு சொடுக்கு, ஒரு மின்னஞ்சல். அவ்வளவுதான் தேவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மொத்தக் கிள்ளானும் பார்க்கும். அச்சான பிறகு யார் அழிக்க முடியும்? அம்மாவுக்குப் போட்டபோது ஒரு பெயர் விடுபட்டதே, அதை யாரால் சேர்க்க முடிந்தது?

அந்த வரியை அழித்தார். மறுபடி அடித்தார். கடைசியில் இரண்டையும் தனித்தனித் தாளில் அச்செடுத்தார்.

“வாட்சப்புல அனுப்பிட்டு ஓகே வாங்கு லா” என்றார் பரமேஸ்வரன். “எல்லாரும் கட்டைவிரல் காட்டுறாங்க. யார் இப்பல்லாம் கையெழுத்துக்குப் போறா?”

“இதுக்குக் கையெழுத்து வேணும்.”

பரமேஸ்வரன் அவரைப் பார்த்தார். “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பேப்பருக்குப் போகணும். வெர்ஸ் இல்லாம இருக்கு.”

“போயிட்டு வந்து தரேன்.”

மூன்று மணிக்கு கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறினார். பெட்டியில் இடம் இருந்தது. அவர் உட்காரவில்லை. ஷா ஆலம் வரை கதவோரம் நின்றார், பிறகு பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண், வயிற்று வலியா என்று கேட்கிற முகத்தோடு பார்த்தாள்.

கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து கிராப் டாக்ஸி எடுத்து, காப்பார் ரோட்டுப் பக்கம் அண்ணன் வீடு இருந்த தாமான் குடியிருப்புக்குப் போனார். ஷாமினி கேட்டைத் திறந்தாள். அப்பாவின் நெற்றி அப்படியே இருந்தது. “வாங்க சித்தப்பா” என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியாமல் செருப்பைக் காட்டி, “பரவால்ல, உள்ளயே விடுங்க, நாய் தூக்கிட்டுப் போயிடும்” என்றாள்.

ஹாலில் சபாபதியின் படம் மாலையோடு இருந்தது. ராஜேஸ்வரி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இளைத்திருந்தாள். மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். மைலோ ஆடை கட்டியது.

முகுந்தன் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். தன் பெயர் இல்லாத தாள். ராஜேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எல்லோரையும் போலவே நேராகப் பெயர்களுக்குப் போனாள். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு மேலே வந்தாள்.

“வெர்ஸ் எங்க தம்பி?”

“வரல அண்ணி.”

“மூணு நாளாவா?”

“ம்.”

அவள் தாளைத் திரும்ப வைக்க உறையை எடுத்தாள். உள்ளே இருந்த இன்னொரு தாள் பாதி வெளியே வந்தது. அதையும் எடுத்துப் பார்த்தாள். விரல் கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது.

“இது யாரு போடச் சொன்னா?”

“யாரும் சொல்லல. நானே அடிச்சேன்.”

“அடிச்சிட்டு நேரா பேப்பருக்கு அனுப்பிச்சிருக்கலாமே. எனக்கு ஞாயித்துக்கிழமைதான் தெரிஞ்சிருக்கும்.”

“அதான் கொண்டு வந்தேன்.”

“அம்மாவுக்குப் போட்டப்ப ஏன் கொண்டு வரல?”

கோபம் இல்லாமல்தான் கேட்டாள். ஆறு வருடமாக எடுத்து வைத்திருந்த கேள்வியில் கோபம் காய்ந்து போயிருந்தது. ஷாமினி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முகுந்தன் மைலோ டம்ளரைத் தள்ளி வைத்தார்.

“பழைய ஃபைல் அண்ணி.”

“என்ன?”

“அப்பா செத்தப்ப நான் செஞ்ச ஃபைல். ரெண்டாயிரத்து நாலு. அப்ப அண்ணனுக்குக் கல்யாணம் ஆகல. எனக்கு ஆயிடுச்சு. மருமகள்னு வாணி பேர்தான் இருந்துச்சு. அம்மா போனதும் கடைக்குப் போனேன். புதுசா ஒண்ணு ஆரம்பிக்க முடியல. உக்காந்தா கண்ணு தெரியல. அந்த ஃபைலத் தொறந்து, படத்த மாத்தி, பேர மாத்தி, மனைவிங்கற வரிய எடுத்துட்டு அனுப்பிட்டேன். பத்து நிமிஷம். பெத்த அம்மாவுக்குப் பத்து நிமிஷம்தான் குடுத்தேன்னு எப்படிச் சொல்றது? அதான் சொல்லல.”

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி வாணிகூடக் கேட்டிருக்கமாட்டாள்.

“தெரியும்” என்றாள் ராஜேஸ்வரி.

முகுந்தன் நிமிர்ந்து பார்த்தார்.

“அவரே சொன்னார். பதினாறு முடிஞ்சு ரெண்டு நாள் இருக்கும். அந்தப் பேப்பர எடுத்து வெச்சுக்கிட்டுச் சிரிக்கிறார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என்னான்னு கேட்டா, ‘இது அப்பாவோட வெர்ஸ்டீ. இதுல ரோடு நான் குடுத்தது, லோடு அவன் போட்டது. மடையன், அப்பாவோட ஃபைல்லயே அம்மாவப் போட்டுட்டான்’னார்.”

அந்தச் செய்யுள் முகுந்தனுக்கு ஞாபகம் வந்தது. அண்ணனும் தம்பியும் கடையில் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பொதுப்பணி இலாகாவில் ரோடு போட்ட அப்பாவுக்காக ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எழுதியது. அம்மாவின் விளம்பரத்திலும் அது அப்படியே நின்றுவிட்டது என்பதை அவர் அனுப்பிய பிறகுதான் கவனித்தார். யாரும் படிக்கமாட்டார்கள் என்று விட்டுவிட்டார்.

“தெரிஞ்சுமா அண்ணன் பேசல?”

“தெரிஞ்சதாலதான் பேசல. வேணும்னே செஞ்சிருந்தா ரெண்டு அறை விட்டு அன்னிக்கே முடிச்சிருப்பார். தப்பா செஞ்சவன் வந்து தப்புன்னு சொல்லணும் இல்ல? என் பொண்டாட்டி கிட்ட வந்து சொல்லட்டும்னார். நான் சொன்னேன், நீங்களே ஒரு ஃபோன் போடுங்கன்னு. முடியாதுன்னுட்டார். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே வாய். தொறக்காத வாய்.”

ஷாமினி சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

“அதோட விட்டாரா?” ராஜேஸ்வரிக்குப் பேச்சு வந்துவிட்டது. “மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஆள் காணாமப் போயிடுவார். பன்னெண்டு மணிக்கு வடைப் பொட்டலத்தோட வருவார். எங்க போனீங்கன்னு கேட்டா பிரிக்ஃபீல்ட்ஸ்ங்கறார். கிள்ளான்ல இல்லாத வடையா? தெங்கு கிளானா ரோட்டுல எத்தன கடை இருக்கு? ஒரு மணி நேரம் கொம்யூட்டர்ல நின்னு போய் வடை வாங்கற ஆளு உலகத்துல உண்டா?”

“அப்பா பூக்கடை வரைக்கும் போவேன்னு சொன்னாங்க” என்றாள் ஷாமினி. “மேல லைட் எரியும்னு சொன்னாங்க.”

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் முகுந்தன் வேலை செய்வார். வெயில் திரையில் விழுகிறது என்று அப்படி மேஜையைப் போட்டிருந்தார். அந்த முதுகுக்குப் பின்னால், படிக்கட்டுக்குக் கீழே, ஒரு மனிதர் வந்து, நின்று, ரோட்டைக் கடந்து, அந்தக் கோடி வரை நடந்து, திரும்பி வந்து, மறுபடி நின்று, வடை வாங்கிக்கொண்டு ரயில் ஏறியிருக்கிறார். ஐந்து வருடம். அவர் எண்ணிப் பார்க்க முயன்றார். பாதியில் விட்டுவிட்டார்.

ராஜேஸ்வரி எழுந்து போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.

முகுந்தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தன் பெயர் இல்லாத தாளை இழுத்து, அந்த வெள்ளை இடத்தில் நாலு வரி எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலைப் பற்றியும், தட்டாத ஒரு கதவைப் பற்றியும் எளிய ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டாம் வரி, அலைந்து திரியும் அந்த ரோம் என்று முடிந்தது. நான்காம் வரி ஹோம் என்று முடிந்தது.

ஷாமினி எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள். “சித்தப்பா, கோவிச்சுக்காதீங்க. இது ரொம்ப கிளீஷே லா. ரோம், ஹோம். எல்லாரும் இதத்தான் போடறாங்க.”

“ஆமாம்மா.”

“அப்பா எத்தன மார்க் போடுவார்?”

முகுந்தன் யோசித்தார். “ரைமுக்கு அஞ்சு.”

“இருக்கட்டும்” என்றாள் ராஜேஸ்வரி. “இதையே போடுங்க.”

பிறகு அவள் இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முகுந்தன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாணி சொன்னதுபோல நேராகக் கேட்பது என்று முடிவெடுத்து வாயைத் திறந்தார்.

“அண்ணி, அன்னிக்குச் செஞ்சது தப்பு. மன்னிச்சிடுங்க. என் பேரப் போட விடுவீங்களா?”

ராஜேஸ்வரி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

“தம்பி, அவர் அஞ்சு வருஷம் காத்திருந்தார். நீங்க ஒரு வருஷம் இருங்க.”

முகுந்தனின் பெயர் இல்லாத தாளில் கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

“கோவத்துல சொல்லல.”

“தெரியும் அண்ணி.”

“சனிக்கிழமை காலையில வீட்டுல படையல். வாணியக் கூட்டிக்கிட்டு வாங்க. ஐயர் எட்டு மணிக்கு வந்துடுவார், லேட் பண்ணாதீங்க. இப்ப சாப்பிட்டுப் போங்க, சாம்பார் இருக்கு.”

அவர் சாப்பிட்டார். மூன்று நாளில் முதல் முறையாக ஒரே இடத்தில் உட்கார்ந்து, இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டாவது தாளை ராஜேஸ்வரி என்ன செய்தாள் என்று அவர் பார்க்கவில்லை.

விளம்பரம் ஞாயிற்றுக்கிழமை, கையெழுத்துப் போட்டபடியே, முகுந்தனின் பெயர் இல்லாமல் வந்தது. படையலுக்கு முகுந்தனும் வாணியும் முதல் நாள் சனிக்கிழமையே போய் வந்துவிட்டார்கள். இராமலிங்கம் அவர்களோடு பேசவில்லை. அடுத்த தீபாவளிக்குப் பேசினார். மறு வருடம் வந்த விளம்பரத்தில் தம்பி முகுந்தன், வாணி என்ற வரி ஷாமினியின் பெயருக்குக் கீழே இருந்தது. அந்த முறை ராஜேஸ்வரி செய்யுள் வேண்டாம் என்றுவிட்டாள். பரமேஸ்வரன் அச்சகத்தை மருமகனிடம் கொடுத்துவிட்டுக் காஜாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். ஷாமினி பள்ளி முடித்து ஷா ஆலமில் கணக்கியல் படிக்கிறாள். ராஜேஸ்வரி அதே வீட்டில் இருக்கிறாள். முகுந்தன் இன்னும் பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியில்தான் வேலை செய்கிறார்.